ரெஜினாவின் நவம்பர் கணிப்புகள்

செய்தி வந்தபோது மியூனிக்கில் எங்கள் அலுவலகக் கூட்டம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. கைபேசியில் தூத்துக்குடி எண்ணைப் பார்த்ததும் எழுந்து வெளியே வந்துவிட்டேன். ரெஜினாவின் தம்பி ஜெரால்டு பேசினான்.

"அண்ணே, அக்கா தவறிட்டா. காலைல கொஞ்சம் கஞ்சி குடிச்சா. ஜன்னலத் தொறந்து வைக்கச் சொன்னா. அம்மா தொறந்துட்டுத் திரும்பிப் பாக்காங்க, போயிட்டா."

அவனுக்குப் பின்னால் யாரோ நாற்காலிகளைப் பற்றிக் கேட்டார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டு மறுபடி என்னிடம் வந்தான். மறுநாளே அடக்கம் என்றான். அதற்குள் நான் போய்ச் சேர முடியாது என்பது இருவருக்கும் தெரியும். "பாஸ்கெட்பால் பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லிருங்கண்ணே" என்று சொல்லி வைத்துவிட்டான். மார்ச் மாதம். வெளியே அழுக்கான பனி உருகிக்கொண்டிருந்தது. நான் கூட்டத்துக்குத் திரும்பிப் போகவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து ஒவ்வொருவராக அழைக்கத் தொடங்கினேன்.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவரை நேரில் தெரியும். சிலர் அவரிடம் விளையாடியவர்கள். சிலர் மியூனிக்கை அடுத்த கார்ஹிங் வளாகத்தின் லேசர் ஆய்வுக்கூடத்தில் அவரோடு வேலை பார்த்தவர்கள். சிலர் அவர் எழுதியதைப் படித்துக் கோபப்பட்டவர்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ரெஜினா தூத்துக்குடிக்காரர். இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு, இந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் ஆய்வுப் பணிக்காக கார்ஹிங்குக்கு வந்தார். ஊரில் பல்கலைக்கழக அணிக்குக் கூடைப்பந்து ஆடியவர். இங்கே வந்தபோது அவரால் ஓட முடியவில்லை. இடது முழங்கால் போயிருந்தது. மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார். வளாகப் பெண்கள் அணியின் பயிற்சியாளர் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட, அந்தப் பொறுப்பை ஏற்க ஆளில்லாமல் இருந்தது. சம்பளமில்லாத அந்த வேலையை ரெஜினா கேட்டு வாங்கிக்கொண்டார்.

நான் அவரைச் சந்தித்தது அந்த விளையாட்டரங்கில்தான். நண்பன் ஒருவன் ஆடும் ஆட்டத்தைப் பார்க்கப் போயிருந்தேன். அடுத்து பெண்கள் ஆட்டம். இடது காலை இழுத்தபடி ஒரு பெண்மணி என்னை நோக்கி வந்தார்.

"நீங்க தமிழா? ஸ்கோர் ஷீட் எழுதத் தெரியுமா?"

"தெரியுங்க. கோயமுத்தூர்ல காலேஜ்ல எழுதியிருக்கேனுங்க."

"அப்ப அந்த மேசைல உக்காருங்க. பேரு பொறவு கேக்கேன்."

பெயரை அவர் ஆட்டம் முடிந்த பிறகுதான் கேட்டார். அன்றிலிருந்து அந்த மேசை என்னுடையதாயிற்று. எங்களுக்குள் வயது வித்தியாசம் அதிகமில்லை. என்றாலும் கடைசிவரை என்னை "அண்ணே" என்றுதான் அழைத்தார்.

தென்பகுதிப் பல்கலைக்கழகங்களின் ஆறு அணிகள் குளிர்காலம் முழுவதும் மோதும். முதல் இரண்டு இடங்களைப் பிடிப்பவர்களே வசந்தத்தில் நாடளாவிய இறுதிச் சுற்றுக்குப் போக முடியும். ஒவ்வொரு நவம்பரிலும், முதல் மூன்று ஆட்டங்கள் முடிந்ததும், வளாக விளையாட்டுச் செய்தித்தாளில் ரெஜினா ஒரு பக்கம் எழுதுவார். யாருக்கு வாய்ப்பு, யாருக்கு இல்லை என்பதுதான் பொருள். இலக்கணப் பிழைகள் உள்ள ஜெர்மன். ஆனால் சுற்றிவளைப்பே இருக்காது. 'டானூப் கரை அணி: நல்ல உயரம். கடைசி ஐந்து நிமிடங்களில் யாரும் திரும்பி ஓடுவதில்லை. ஜனவரியில் சரிவார்கள்.' 'மலையடிவார அணி: இவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. இவர்கள் போவார்கள்.' உணவுக்கூடத்தின் சுவரில் அந்தப் பக்கத்தை ஒட்டுவார்கள். தட்டைக் கையில் பிடித்தபடி நின்று படிப்பார்கள். பெரும்பாலும் அவர் எழுதியபடியே நடந்தது.

அந்த ஒரு பக்கத்துக்காக அவர் வாரயிறுதிகளில் ரயிலேறி மற்ற அணிகளின் ஆட்டங்களைப் பார்க்கப் போவார். சில முறை நானும் போயிருக்கிறேன். அவர் பந்தைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. யார் பெஞ்சில் யார் பக்கத்தில் உட்காருகிறார்கள், டைம் அவுட்டில் யார் பயிற்சியாளரைப் பார்க்காமல் தரையைப் பார்க்கிறார்கள், களைத்த பிறகு ஃப்ரீ த்ரோ போடும்போது யாருடைய முழங்கால் மடிய மறுக்கிறது என்றே பார்த்துக்கொண்டிருப்பார். "ஸ்கோர் போர்டு நடந்து முடிஞ்சதத்தாம் சொல்லும்ணே. நமக்கு வேண்டியது இனிமே நடக்கப்போறது" என்பார். இன்னொன்றும் அடிக்கடி சொல்வார்: "ஆச வேற, கணிப்பு வேற. ரெண்டையும் கலந்தா ரெண்டும் கெட்டுப்போவும்."

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், திரும்பும் ரயிலில், அவருடைய முழங்காலைப் பற்றிக் கேட்டேன். ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார். கல்லூரியின் கடைசி ஆண்டு, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான இறுதி ஆட்டம். முந்தின நாளே கால் வீங்கியிருந்தது. வலி தெரியாமலிருக்க ஓர் ஊசி போட்டுக்கொண்டு இறங்கினார். முதல் பாதியிலேயே விழுந்தார். அதன் பிறகு அவர் ஓடவில்லை.

"கோச் கட்டாயப்படுத்துனாரா?" என்றேன்.

"இல்லண்ணே. யாரும் என்னத் தள்ளல. நானாத்தாம் எறங்குனேன். அழுது, சண்ட போட்டு எறங்குனேன். வேண்டாம்னு சொல்ல ஒரு ஆளு இருந்திருக்கலாம். அவ்வளவுதாம்."

நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இரண்டாயிரத்து ஐந்தில் தொடங்கிய அந்தக் குளிர்காலம். அது பற்றி வளாகத்தில் பல விதமாகப் பேசினார்கள், இன்னும் பேசுகிறார்கள். மேசையில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் நான் கண்டதைச் சொல்கிறேன்.

அந்த ஆண்டு எங்கள் அணியில் துஷி இருந்தாள். துஷ்யந்தி என்பது முழுப்பெயர். பெற்றோர் யாழ்ப்பாணத்தவர்கள். வடக்கே ஹாம் நகரில் குடியிருந்தார்கள். இயந்திரப் பொறியியல் படிக்க கார்ஹிங்குக்கு வந்தவள். பந்தை எடுத்துக்கொண்டு அவள் நடுக்கோட்டைத் தாண்டினால் அரங்கில் எல்லோரும் நாற்காலியின் நுனிக்கு வருவார்கள். அவள் தந்தைக்கு மகள் விளையாடுவதே பிடிக்காது. அங்குள்ள ஊன்ட்றொப் அம்மன் கோயில் திருவிழாவுக்கு வருகிறவர்கள் என்ன சொல்வார்களோ என்ற கவலை அவருக்கு. அந்த ஆண்டு இறுதிச் சுற்று டோர்ட்முண்டில் என்று முடிவானதும் துஷி ஓடிவந்து சொன்னாள்.

"எங்கட வீட்டில இருந்து கிட்டத்தான் அக்கா. அப்பா ஒருநாளும் என்ர ஆட்டத்தைப் பாத்ததில்லை. டோர்ட்முண்ட் எண்டா வாறன் எண்டு சொல்லியிருக்கிறார்."

முதல் மூன்று ஆட்டங்களிலும் வென்றோம். வளாகம் முழுவதும் எங்களைப் பற்றித்தான் பேச்சு. மைய ஆட்டக்காரியான உயரமான அன்யா இப்போதே டோர்ட்முண்டில் தங்க இடம் தேடுவதாகச் சொல்லிச் சிரித்தாள். எல்லோரும் அந்த நவம்பர்ப் பக்கத்துக்காகக் காத்திருந்தார்கள். அது அச்சுக்குப் போகும் முன் ரெஜினா அணியை அரங்கில் கூட்டினார். எழுதியிருப்பதை முதலில் உங்களிடம்தான் சொல்ல வேண்டும் என்றார். 'நம் அணி: பந்தைக் கொண்டுபோக ஒரே ஒருத்தி. அவளுக்கு ஏதாவது ஆனால் வேறு வழியில்லை. இறுதிச் சுற்றுக்குப் போகாது.' இதைச் சொல்லிவிட்டு அவர் அங்கேயே நின்றார். யாராவது திட்டினால் கேட்டுக்கொள்ளத் தயாராக நின்றது போலிருந்தது. யாரும் திட்டவில்லை. அன்யா மட்டும், "எங்கள் பயிற்சியாளரே எங்களை நம்பவில்லை என்று ஊரெல்லாம் படிக்கப்போகிறது" என்றாள்.

மற்றவர்கள் போன பிறகு துஷியை நிறுத்திவைத்தார். நான் வலையில் பந்துகளைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி, இடது முட்டி எப்டி இருக்கு?"

"ஒண்டும் இல்லை அக்கா."

"ஒண்ணும் இல்லாமயா படில ஒத்தக் கால்ல எறங்குத?"

துஷி சிரித்துச் சமாளித்தாள். ரெஜினா சிரிக்கவில்லை. டாக்டரிடம் காட்டச் சொன்னார். டெர்மின், அதாவது டாக்டரைப் பார்க்கும் நேரம், கிடைக்கப் பல வாரம் ஆகும் என்றாள் துஷி. டிசம்பரில் எடுத்திருப்பதாகச் சொன்னாள். பிறகு ஜனவரி என்றாள். அவள் போகவே இல்லை என்பது பிற்பாடுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஜனவரியில் இரண்டு ஆட்டங்களில் தோற்றோம், மற்றவற்றில் வென்றோம். பிப்ரவரியில் கடைசி ஆட்டம். எங்கள் அரங்கிலேயே, மாயின் கரை அணியோடு. வெல்பவருக்கு இரண்டாம் இடம், டோர்ட்முண்ட். இரண்டு நாளுக்கு முன் பயிற்சியில் துஷியின் கால் திடீரென்று மடங்கியது. உடனே எழுந்துவிட்டாள். ஆட்டத்தன்று காலை ரெஜினா அவளை இடது காலில் மட்டும் நின்று குதிக்கச் சொன்னார். அவளால் முடியவில்லை. மறுபடி முயன்றாள். முடியவில்லை.

"இண்ணைக்கு நீ உக்காருத" என்றார் ரெஜினா.

துஷி முதலில் கெஞ்சினாள். "எனக்கு ஏலும் அக்கா. கட்டுப் போட்டா ஏலும். ஒரு ஆட்டந்தானே." பிறகு அழுதாள். பிறகு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த வார்த்தையைச் சொன்னாள்.

"உங்களுக்கு உங்கட கணிப்புச் சரியா வரவேணும். அதுக்குத்தான் என்னை இருத்துறீங்கள்."

ரெஜினா கையிலிருந்த விசிலைப் பையில் போட்டார்.

அணியின் சட்டையோடு பெஞ்சில் உட்காரவாவது விடுங்கள் என்று துஷி கேட்டாள். ரெஜினா சம்மதித்தார். அதுவே வினையாகிவிட்டது. சட்டை போட்டு உட்கார்ந்திருப்பவள் இறங்க முடியாதவள் என்று யார் நம்புவார்கள்? அவளுக்குப் பதில் இறங்கிய லேனா முதலாண்டு மாணவி. எதிரணியினர் இருவராகச் சூழ்ந்ததும் பந்தை எங்கோ எறிந்தாள். பாதி ஆட்டத்தில் நாங்கள் வெகுவாகப் பின்தங்கியிருந்தோம். கடைசிப் பகுதியில் அன்யா தனியாக இழுத்து இழுத்துக் கிட்டத்தட்ட சமநிலைக்குக் கொண்டுவந்தாள். அப்போது அரங்கம் துஷியின் பெயரைக் கூவத் தொடங்கியது. தரையில் காலால் தட்டிக்கொண்டே கூவினார்கள். துஷி மேலங்கியைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றாள். விளையாட்டுத் துறை அலுவலர் பெஞ்சுக்கு வந்து குனிந்து, "தன்னால் முடியும் என்கிறாளே" என்றார்.

"அவள் சொல்வது எனக்கும் கேட்கிறது" என்றார் ரெஜினா. அவளைப் பார்க்கவே இல்லை. கண் திடலிலேயே இருந்தது. ஒரு கை மட்டும் பக்கத்து நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தது. 

ஒரு புள்ளி பின்தங்கியிருந்தபோது லேனாவின் பாஸை எதிரணி பறித்தது. முடிந்துவிட்டது. அணிப் பெண்களில் ஒருத்தியும் ரெஜினாவுக்குக் கை கொடுக்கவில்லை. லேனா தண்ணீர்க் குழாயடியில் உட்கார்ந்து வாந்தியெடுத்தாள். ரெஜினா அவள் முதுகைத் தடவிக்கொடுக்கப் போனபோது அவள் நகர்ந்துகொண்டாள்.

அரங்கம் காலியான பிறகு நாங்கள் இருவரும் பெஞ்சுகளை அடுக்கினோம்.

"அந்தப் பிள்ள சொன்ன மாதிரித்தாம் நீங்களும் நெனைக்கீங்களாண்ணே?"

"இல்லீங்க ரெஜினா."

"கொஞ்சமாவது நெனச்சிருப்பீங்க. நானே நெனச்சேன். கடைசி குவார்ட்டர்ல ஒரு நொடி, நாம சரியாத்தான சொல்லிருக்கோம்னு உள்ளுக்குள்ள ஒண்ணு வந்துச்சுண்ணே. நெசமாவே வந்துச்சு. அத நெனச்சா எனக்கே அருவருப்பா இருக்கு."

உங்கள் காலுக்கு நேர்ந்ததை அவளிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். தலையை ஆட்டினார். "என் கதையச் சொல்லி அவள உக்கார வச்சா, எனக்காக அவ உக்காந்த மாதிரி ஆயிரும். அவ காலுக்காக உக்காரட்டும். என்னத் திட்டிக்கிட்டே உக்காரட்டும்."

பிற்பாடு துஷிக்கு ஸ்கேன் எடுத்தார்கள். முழங்கால் நார் பாதி கிழிந்திருந்தது. அந்த ஆட்டம் ஆடியிருந்தால் முழுதும் அறுந்திருக்குமா என்று அவள் கேட்டிருக்கிறாள். அறுந்திருக்கலாம், அறுந்திருக்காமலும் இருக்கலாம், அதை யாரும் சொல்ல முடியாது என்றாராம் மருத்துவர். ரெஜினா செய்தது சரி என்று நிரூபிக்க ஏதாவது கிடைக்காதா என்று நான் ஏங்கினேன். கிடைக்கவில்லை. இரண்டு வாரங்களில் விளையாட்டுத் துறை அவரைக் கூப்பிட்டு, கணிப்பு எழுதுகிறவரே பயிற்சியாளராகவும் இருப்பது பொருத்தமில்லை என்று மரியாதையாகச் சொன்னது. "அவுங்க சொல்லுததுலயும் நியாயம் இருக்குண்ணே" என்று மட்டும் சொன்னார். அரங்கத்தின் சாவியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தார். நவம்பர்ப் பக்கத்தை மட்டும் விடவில்லை. அடுத்த பருவத்தில் சீட்டு வாங்கிப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலிகள் பெரும்பாலும் காலியாகவே இருந்தன.

சென்ற ஆண்டு கோடையில் அவருக்கு வயிற்றுவலி வந்தது. ஆய்வுக்கூட வேலை என்று தள்ளிப்போட்டார். மற்றவர்களின் கணுக்கால் வீக்கத்தைக் கூடத் தூரத்திலிருந்து கண்டுகொள்ளும் ஆள் தன் உடம்பைக் கவனிக்கவில்லை. கருப்பையின் பக்கத்தில் தொடங்கிய புற்றுநோய் குடல்வரை போயிருந்தது. மியூனிக் மருத்துவமனை ஒன்றில் சேர்த்தோம். நவம்பரில் மருந்து ஏறிக்கொண்டிருந்த ஒரு நாள், கதவைத் தட்டிக்கொண்டு துஷி உள்ளே வந்தாள். படிப்பை முடித்து வடக்கே வேலையில் சேர்ந்திருந்தாள். அம்மா செய்து கொடுத்த பலகாரப் பெட்டியை நெஞ்சோடு பிடித்திருந்தாள். ரெஜினாவின் தலையில் முடி இல்லை. அதைப் பார்த்ததும் கதவருகிலேயே நின்றாள்.

"அக்கா, அண்டைக்கு நான் சொன்னது..."

"அத விடு. கால் எப்டி இருக்கு?"

"குளிருக்குக் கொஞ்சம் நோகும். மற்றபடி ஓடுறன்." பிறகு, தலை நிமிராமல் சொன்னாள். "ஆனா அண்டைக்கு நான் விளையாடியிருப்பன் அக்கா. இப்பவும் அப்பிடித்தான் நினைக்கிறன்."

"நெனச்சுக்கோ. நான் எறக்கியிருக்க மாட்டேன். இப்பவும் அப்படித்தாம் நெனைக்கேன்."

அந்த ஆட்டத்துக்குப் பிறகு முதன்முறையாக இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். தந்தை அதன் பிறகாவது ஆட்டம் பார்த்தாரா என்று ரெஜினா கேட்டார். இல்லை என்றாள் துஷி. பிறகு பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, "இந்தமுறை ஆர் போவினம் அக்கா?" என்று கேட்டாள்.

ரெஜினாவுக்கு அந்தக் கேள்வியில் உயிர் வந்துவிட்டது. அந்த வாரமே என்னைக் கேமராவோடு ஆட்டங்களுக்கு அனுப்பினார். நான் எடுத்து வந்ததை மடிக்கணினியில் போட்டு, படுத்தபடியே பார்த்தார். "பந்தையே பிடிச்சிருக்கீங்களேண்ணே, பெஞ்சக் காட்டுங்க" என்று என்னைக் கடிந்துகொண்டார். நடுவே குமட்டல் வரும். நிறுத்திவிட்டு, மறுபடி போடச் சொல்வார். கடைசியில் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஐந்து அணிகளைப் பற்றி வழக்கம்போல் இரக்கமில்லாமல் சொன்னார். ஆறாவதாக எங்கள் அணி. 'இம்முறை இறுதிச் சுற்றுக்குப் போகும்' என்றார். நான் எழுதுவதை நிறுத்தினேன். எங்கள் அணிக்கு அவர் அப்படிச் சொன்னது அதுவே முதல்முறை. "எழுதுங்கண்ணே" என்றார். உணவுக்கூடச் சுவரில் அதைப் படித்துவிட்டு, இப்போது அணித் தலைவியாக இருக்கும் லேனா மருத்துவமனைக்கு ஒரு பூங்கொத்து அனுப்பினாள்.

டிசம்பரில் மருந்து கேட்கவில்லை என்று தெரிந்தது. மருத்துவர் மென்மையானவர். இன்னும் சில வழிகள், பொறுத்துப் பார்க்கலாம் என்ற மாதிரி பேசிக்கொண்டே போனார். ரெஜினா இடைமறித்தார். "டாக்டர், எனக்கு ஆறுதல் வேண்டாம். உங்கள் கணிப்பைச் சொல்லுங்கள்." அவர் சொன்னார். வசந்தம்வரை என்றார். ரெஜினா நன்றி சொல்லி எழுந்தார். வெளியே நடைபாதையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, போகிறவர் வருகிறவர் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி வாய்விட்டு அழுதார். அவர் தைரியமாகச் செத்தார் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம். அவருக்குச் சாக விருப்பமே இல்லை.

அழுது ஓய்ந்ததும் என்னிடம் ஒன்று கேட்டார். "எங்கம்மாட்ட நீங்க சொல்லுங்கண்ணே. என்னால முடியாது." யாருக்கும் எதையும் முகத்துக்கு நேரே சொன்னவர்.

அன்று மாலையே தூத்துக்குடிக்குப் பேசினேன். அந்த அம்மா குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, "தம்பி, இது அவளுக்குத் தெரியுமா?" என்றார்.  நான் தயங்கியதை அவர் வேறு விதமாக எடுத்துக்கொண்டார். "தெரிய வேண்டாம் தம்பி. என் பிள்ள தாங்க மாட்டா. நல்லாயிரும்னு சொல்லியே இங்க அனுப்பி வச்சிருங்க." மறுநாள் அதை ரெஜினாவிடம் அப்படியே சொன்னேன்.  "சரி. எனக்குத் தெரியாதுன்னே இருக்கட்டும்" என்றார்.

கிறிஸ்துமஸுக்கு முன் ஊருக்குப் போனார். அங்கே தாயும் மகளும் மூன்று மாதம் நடித்தார்கள் என்று ஜெரால்டு சொன்னான். கோடையில் வேளாங்கண்ணிக்குப் போவது பற்றி இருவரும் உட்கார்ந்து திட்டம் போடுவார்களாம். எந்த வண்டி, யார் வீட்டில் தங்குவது என்று தினமும் பேச்சாம். "ஒருத்தருக்கொருத்தர் தெரியும்ணே. ஆனா ஒருத்தர்கூட வாயத் தொறக்கல. எனக்குத்தாம் அந்த வீட்டுல மூச்சு முட்டுச்சு." அந்தத் திட்டத்தில் மயங்கி மகிழ்ந்த நாட்களும் இருந்தனவா என்று கேட்டேன். தெரியாது என்றான்.

பிப்ரவரியில் ஒருநாள் ரெஜினாவே என்னை அழைத்தார். குரல் இழுத்து இழுத்து வந்தது. நலம் விசாரிக்க விடவில்லை.

"நம்ம பிள்ளைங்க போனாங்களா?"

எங்கள் அணி ஜனவரியிலேயே வெளியேறிவிட்டது. வரிசையாகத் தோற்று, ஐந்தாம் இடம். அந்தச் செய்தியை நான் அவருக்கு எழுதாமலே இருந்தேன். போய்விட்டார்கள் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அவர் வீட்டில் அந்த வேலையைச் செய்ய ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள்.

"இல்லீங்க ரெஜினா. போகலீங்க. ஜனவரியிலயே முடிஞ்சுதுங்க."

 அவர் மெல்லச் சிரித்தார்.

"அந்தப் பெஞ்ச நான் பாத்தேம்ணே. போவாதுன்னு அப்பவே தெரிஞ்சுது. தெரிஞ்சும் ஆசப்பட்டுட்டேன்."

இருமல் வந்தது. ஜெரால்டு வாங்கி, அக்கா அப்புறம் பேசுவா என்றான். அவர் பேசவில்லை.

வரும் ஞாயிறு காலை கார்ஹிங் தேவாலயத்தில் அவருக்காகத் திருப்பலி நடக்கிறது. துஷி வடக்கிலிருந்து வருகிறாள். லேனா வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அன்யா வருவதாகச் சொல்லவில்லை, வராமலிருப்பதாகவும் சொல்லவில்லை. அவர் மேல் இன்னும் வருத்தம் உள்ளவர்கள் வருத்தத்தோடே வரலாம். அவர் அதற்காக யாரையும் தடுத்தவரில்லை.

அவர் சரியாகச் சொன்ன கணிப்புகளை உங்களில் பலர் வரிசையாக ஒப்பிக்கக் கூடும். எனக்கு அவை மெல்ல மறந்துகொண்டு வருகின்றன. எல்லாவற்றையும் தெளிவாகக் கண்டவர், கண்ட பின்னும், சாகக் கிடந்த படுக்கையில் ஒரே ஒரு முறை எங்களுக்காக ஆசைப்பட்டார். அந்தத் தவறான ஒரு கணிப்பைத்தான் நான் வைத்துக்கொள்கிறேன்.